இணையம் யாருக்குச் சொந்தம்?

ஊருக்கு ஓர் ஏரி உண்டு. அந்த ஏரி யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் ஊரார் எளிதில் விடை சொல்லிவிட மாட்டார்கள். ஏரியின் நிலம் அரசாங்கப் பதிவேட்டில் இருக்கும். கரையைக் குடிமராமத்தால் காத்தவர்கள் ஊர்மக்கள். நீரோ வானம் தந்தது. மீன் பிடிக்கும் உரிமையை ஒருவர் ஏலத்தில் எடுத்திருப்பார். ஆகையால் ‘ஏரி யாருடையது?’ என்னும் வினா அங்கே பெரிதாக எழுவதில்லை. கோடையில் எழும் வினா வேறு: ‘மதகு யார் கையில் இருக்கின்றது?’ மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஊரில் ஒருவர் இருந்தார். நீர்க்கட்டி என்று சில ஊர்களிலும், நீர்பாய்ச்சி என்று வேறு சில ஊர்களிலும் அவரை அழைத்தார்கள். அவர் ஏரிக்கு உடையவர் அல்லர். ஆயினும் கடைமடையில் இருக்கும் வயல் விளைவதும் வாடுவதும் அவர் கையில் இருந்தன.

இணையத்தைப் பற்றிப் பேசப் புகும்போதும் இவ்விரண்டு வினாக்களையும் பிரித்துக் கொள்வது நலம். அது யாருடையது என்பது ஒன்று. அதன் மதகுகள் யார் கையில் உள்ளன என்பது மற்றொன்று.

நேயர்களே, தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நமக்கு இது வெறும் அறிவு விளையாட்டு அன்று. முன்னாளில் நமக்கும் நம் ஊருக்கும் இடையே அஞ்சலட்டை இருந்தது, மணியார்டர் இருந்தது, தந்தி இருந்தது, கிராண்டு டிரங்க் விரைவு வண்டி இருந்தது. அவற்றுக்கெல்லாம் உடையவர் யார் என்பதில் ஐயம் எழவில்லை. கடிதம் வரவில்லையென்றால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பது நமக்குத் தெரியும். தந்திப் பணி 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் முடிவுற்றது. இன்று கரோல்பாகிலிருந்து கும்பகோணத்துக்கு மகன் அனுப்பும் பணமும், ராமகிருஷ்ணபுரத்துப் பேரனின் முகத்தைத் திருநெல்வேலியில் பாட்டி காண்பதும் இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. அது நின்றுபோனால் எந்தக் கதவைத் தட்டுவது?

முதலில் உடைமையைப் பார்ப்போம். இணையம் என்பது ஒரு வலை அன்று; பற்பல வலைகளின் கூட்டம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் சில பல்கலைக்கழகக் கணினிகள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. அதுவே இதன் விதை. வெவ்வேறு வலைகள் தம்முள் பேசிக்கொள்வதற்கு ஒரு பொது மொழியை விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்னும் இருவர் வகுத்தனர். அப்பொதுமொழி 1983ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதைக் கைக்கொள்ள எவரும் எவருக்கும் காப்புரிமைப் பணம் தரவேண்டியதில்லை. பின்னர் ஜெனீவா நகரத்தை அடுத்த செர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் வையவிரிவலையை அமைத்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அந்நிலையம் அதனைப் பொதுவுடைமையாக அறிவித்துவிட்டது. ஆகவே இணையத்தின் உயிராகிய விதிமுறைகளுக்கு உடையவர் எவரும் இல்லை. தமிழ் இலக்கணத்துக்கு உரிமையாளர் இல்லாதது போலவே இதுவும்.

ஆனால் உயிர் உறைவதற்கு உடல் வேண்டும். அந்த உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் உடையவர் உண்டு.

தில்லியில் ஒருவர் தம் கைப்பேசியைத் தொட்டுத் தஞ்சாவூருக்கு ஒரு படத்தை அனுப்புகின்றார் என்று கொள்வோம். படம் முதலில் காற்றில் ஏறி அருகிலுள்ள கோபுரத்தை அடைகின்றது. அந்த வானலைகள் யாருடையவை? 1995ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நம் உச்ச நீதிமன்றம், வங்கக் கிரிக்கெட் சங்கத்தின் வழக்கில், வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று தீர்ப்பளித்தது. அச்சொத்தை மக்களின் பொருட்டு அரசாங்கம் மேற்பார்க்கின்றது; ஏலத்தில் நிறுவனங்களுக்குப் பயன்படுத்தும் உரிமையைத் தருகின்றது. 2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் இறுதியில் நம் நாட்டில் 90 கோடிக்கு மேற்பட்ட இணைய இணைப்புகள் இருந்தன. அவற்றுள் மிகப் பெரும்பகுதி ஜியோ, ஏர்டெல் என்னும் இரண்டே நிறுவனங்களின் வழியாகச் சென்றது. பொதுச் சொத்தாகிய வானலை இவ்வாறு இரண்டு வாய்க்கால்களில் ஓடுகின்றது.

கோபுரத்திலிருந்து படம் கண்ணாடி இழைக் கம்பியில் இறங்கி நாட்டைக் கடக்கின்றது. ஓரிடத்தில் ஒரு நிறுவனத்தின் வலை மற்றொரு நிறுவனத்தின் வலையைச் சந்திக்கவேண்டும். இங்கே நம் தலைநகரைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். முன்பெல்லாம் நம் நாட்டு நிறுவனங்களின் வலைகள் உள்நாட்டிலேயே கைகோத்துக் கொள்ளவில்லை. அதனால் தில்லியில் ஓர் அலுவலகத்திலிருந்து அடுத்த தெரு அலுவலகத்துக்கு அனுப்பிய மடல், அமெரிக்கா வரை சென்று திரும்புவதும் உண்டு. அந்த வீண் பயணத்துக்கு வெளிநாட்டு நாணயத்தில் செலவும் ஆயிற்று. இதை நீக்கும்பொருட்டு 2003ஆம் ஆண்டில் நிக்ஸி என்னும் தேசிய இணையப் பரிமாற்ற அமைப்பு, ஆதாயம் கருதாத நிறுவனமாகத் தில்லியில் தோன்றியது. அதன் முதல் சந்திப்பு நிலையம் நொய்டாவில் அமைந்தது. பிறகு மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நகரங்களிலும் நிலையங்கள் எழுந்தன.

நம் நாட்டுக்கு இணையம் வந்த வரலாறும் இந்த உடைமை மாற்றங்களின் வரலாறே. 1986ஆம் ஆண்டில் எர்நெட் என்னும் கல்வி வலை தொடங்கியது. அரசாங்கத்தின் மின்னணுவியல் துறையும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் அதற்குப் பொருள் உதவின. தில்லி, சென்னை முதலிய ஐந்து தொழில்நுட்பக் கழகங்களும், பெங்களூர் அறிவியற் கழகமும் அதில் பங்கேற்றன. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 1998ஆம் ஆண்டின் இறுதியில் தனியார் நிறுவனங்களுக்கும் உரிமம் கிடைத்தது. 2002ஆம் ஆண்டில் விதேஷ் சஞ்சார் நிகத்தின் நிருவாகமே டாட்டா குழுமத்தின் கைக்கு மாறிற்று. ஏழே ஆண்டுகளில் அரசாங்கத்தின் வாயில் தனியாரின் வாயிலாயிற்று.

கடல் கடந்து செல்லும் செய்திக்குக் கடலடிக் கம்பி வேண்டும். இதில் நம் சென்னைக்கு நெடிய பழமை உண்டு. 1871ஆம் ஆண்டிலேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கம்பி சென்றது. அதை இட்டது ஓர் ஆங்கிலேய நிறுவனம். 2002ஆம் ஆண்டில் பாரதி நிறுவனமும் சிங்கப்பூர்த் தொலைபேசி நிறுவனமும் கூடிச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கண்ணாடி இழைக் கம்பியை இட்டன. 2005ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிலிருந்து சிங்கப்பூர் வரை சற்றேறக்குறைய 18,800 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி செயலுக்கு வந்தது. அது மும்பையிலும் சென்னையிலும் கரையேறுகின்றது. அதற்கு உடையவர் ஒருவர் அல்லர், பதினாறு நிறுவனங்கள். 2008ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கு அருகில் இக்கம்பியும் வேறொரு கம்பியும் அறுந்தபோது, இந்தியாவின் வெளிநாட்டுத் தொடர்பு பெரிதும் தளர்ந்தது. எங்கோ ஒரு கடலில் கம்பி அறுந்தால் நம் ஊர் அலுவலகத்தில் வேலை நிற்கும் என்பதை அன்றுதான் பலரும் உணர்ந்தனர்.

தனியார் பங்கிட்டுக்கொண்ட இக்கம்பிகளுக்கு நடுவே வேறு வகையான ஒன்றும் உண்டு. சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்குச் செல்லும் 2,300 கிலோமீட்டர்க் கம்பி 2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது பொதுநிதியிலிருந்து போடப்பட்டது. ஆதாயம் குறைவென்று வணிகர் ஒதுக்கிய தீவுகளுக்குப் பொதுப்பணம் வழி செய்தது. இவையிரண்டும் சேர்ந்ததே இணையத்தின் உடல்.

இனி ஊர்ப்பெயர்ப் பலகைகளைப் பார்ப்போம். இணையத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. இப்பெயர்களின் தலைப் பேரேட்டை ஐக்கான் என்னும் அமைப்பு பேணுகின்றது. அது 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டது. நெடுங்காலம் அமெரிக்க அரசாங்கத்தின் வணிகத் துறை அதன்மேல் மேற்பார்வை செய்துவந்தது. உலகத்துக்குப் பொதுவான ஏட்டை ஒரு நாடு மட்டும் மேற்பார்ப்பது முறையா என்று இந்தியா உள்ளிட்ட பல நாடுகள் கேட்டன. 2016ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அம்மேற்பார்வை முடிவுற்றது. ஐக்கான் அமெரிக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான அமைப்பாகவே இருப்பினும், பல நாட்டு அரசாங்கங்களும் நிறுவனங்களும் பொதுமக்கள் சங்கங்களும் அதன் அவைகளில் அமர்ந்து பேசுகின்றன. இந்தப் பேரேட்டில் நம் மொழியும் ஏறியிருக்கின்றது. ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ என்னும் மூன்று பெயர்களும் 2010, 2011ஆம் ஆண்டுகளில் தமிழ் எழுத்திலேயே இடம் பெற்றன. மூன்று அரசுகளின் எல்லைகளைத் தமிழ் எழுத்து தாண்டி நிற்பது மகிழத்தக்க செய்தியே.

உடைமை இவ்வாறு பலரிடம் சிதறிக் கிடப்பதால், முழுவதையும் ஒருவர் விற்கவோ அழிக்கவோ இயலாது. அது நமக்கு ஒரு காவல். ஆனால் மதகுகள் சிதறிக் கிடக்கவில்லை. அவை சில கைகளில் இருக்கின்றன. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே ஆராய்வோம். ஒன்று வணிகரின் மதகு. மற்றொன்று அரசாங்கத்தின் மதகு.

2015ஆம் ஆண்டில் பேஸ்புக் நிறுவனம் ஒரு திட்டத்தோடு நம் நாட்டுக்கு வந்தது. ஏழைகளுக்கு இணையத்தை இலவசமாகத் தருவதாக அது கூறியது. கேட்பதற்கு அறச்செயலாகவே தோன்றும். ஆனால் இலவசமாகக் கிடைப்பது இணையம் முழுவதும் அன்று. அந்நிறுவனத்தின் திட்டத்தில் இடம்பெற்ற சில தளங்கள் மட்டுமே. ‘தண்ணீர் இலவசம், ஆனால் எந்த வயலுக்குப் பாயும் என்பதை நான் சொல்வேன்’ என்று மதகுக்காரர் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. தில்லியிலுள்ள தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அவ்வாண்டு பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. இணையம் எல்லார்க்கும் ஒரு நிகராக இருத்தல் வேண்டும் என்று பத்து இலட்சம் மடல்கள் ஆணையத்துக்குச் சென்றதாக அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் ஆணையம் தன் விதியை வெளியிட்டது: இணையத்தில் எதைப் பார்க்கின்றோம் என்பதை வைத்து வெவ்வேறு கட்டணம் வாங்கலாகாது. பேஸ்புக் நிறுவனம் அத்திட்டத்தை இந்தியாவில் கைவிட்டது. எழுதினவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத இளைஞர்கள். அவர்களுள் எவரும் ஒரு கம்பிக்கும் உடையவர் அல்லர்.

இனி அரசாங்கத்தின் மதகு. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், தந்தி அமைக்கும் தனியுரிமையை அரசாங்கத்துக்கு அளித்தது. நெருக்கடியில் செய்திகளைத் தடுக்கும் ஆற்றலையும் அளித்தது. தந்தி மறைந்த பின்னரும் அச்சட்டம் மறையவில்லை. இணையத்தை நிறுத்தும் ஆணைகள் நெடுநாள் அச்சட்டத்தின் நிழலிலேயே பிறந்தன. 2023ஆம் ஆண்டின் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றபோதும், நிறுத்தும் அதிகாரம் தொடர்ந்தது.

தூத்துக்குடியை நினைத்துப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் அங்கே ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. வதந்தி பரவிக் கலகம் பெருகாமல் தடுப்பதே நோக்கம் என்று அரசு கூறியது. அந்நோக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பொய்ச் செய்தியால் உயிர்கள் போனதும் நம் நாட்டில் உண்டு. ஆயினும் மதகு அடைபட்டால் மெய்யும் பொய்யும் சேர்ந்தே நிற்கின்றன. அந்த மாவட்டங்களின் மக்கள் எத்தனையோ பேர் தில்லியிலும் மும்பையிலும் வாழ்கின்றனர். தம் தெருவில் என்ன நேர்ந்தது என்று அறிய விரும்பியவர்களுக்கு, நெருங்கிய உறவினரின் இணைய மடலே எட்டாமற் போயிற்று. ஊரை விட்டு வந்தவரே கடைமடைக்காரர். நீர் குறையும்போது முதலில் வறள்வது கடைமடைதான்.

தலைநகரமும் இதற்கு விலக்கன்று. 2021ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், உழவர் போராட்டத்தின்போது சிங்கு, திக்ரி, காசிப்பூர் முதலிய இடங்களிலும் அவற்றின் சுற்றுப்புறத்திலும் இணையம் நிறுத்தப்பட்டது. காஷ்மீரிலோ 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் நின்ற இணையம், முழு வேகத்தோடு அப்பகுதி முழுவதற்கும் திரும்புவதற்குப் பதினெட்டுத் திங்கள் ஆயின. காஷ்மீரப் பத்திரிகையாளர் அனுராதா பாசின் தொடுத்த வழக்கில், 2020ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. இணையத்தின் வழியாகப் பேசும் உரிமையும் தொழில் செய்யும் உரிமையும் அரசியலமைப்பின் காப்புக்கு உரியவை. காலவரையறையின்றி இணையத்தை நிறுத்துதல் கூடாது. நிறுத்தும் ஆணையை வெளியிடவேண்டும் என்பன அத்தீர்ப்பின் சாரம். 2024ஆம் ஆண்டின் விதிகள் காரணத்தையும் இடத்தையும் காலத்தையும் ஆணையில் குறிக்கவேண்டும் என்கின்றன. ஓர் ஆணை பதினைந்து நாளைத் தாண்டலாகாது என்றும் அவை வரையறுக்கின்றன.

இங்கே நம் முன்னோரின் ஓர் ஏற்பாடு நினைவுக்கு வருகின்றது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இன்றும் காணக் கிடைக்கின்றன. அங்கே ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்றே ஒரு குழு இருந்தது. அதன் உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தனர். அவர்தம் பதவிக்காலம் ஓராண்டே. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். ஏரி யாருடையது என்பதைக் காட்டிலும், மதகைத் தொட்டவர் கணக்குக் காட்டினாரா என்பதே அவர்களுக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் ஒன்றை மறைத்தலாகாது. அந்தச் சபையில் இடம் பெறுவதற்கு நிலமும் கல்வியும் குலமும் வேண்டியிருந்தன. ஏர் பிடித்தவருக்கும் பெண்களுக்கும் அங்கே குடவோலை இல்லை. அவர்களுடைய முறையை நாம் கொள்ளலாம். அவர்களுடைய வேலியைக் கொள்ள வேண்டியதில்லை.

அந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய மதகுகளை அளந்து பாருங்கள். இணையத்தை நிறுத்தும் ஆணையை மறுஆய்வு செய்ய ஒரு குழு உண்டு; ஆனால் ஆணை பிறப்பிப்பவரும் அரசாங்க அதிகாரிகள், ஆய்பவரும் அரசாங்க அதிகாரிகள். வெளியிடவேண்டிய ஆணைகள் பலமுறை உரிய காலத்தில் மக்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. வணிகரின் நிலையும் சிறந்ததன்று. நாம் நாள்தோறும் பேசும் வாட்ஸப், 2014ஆம் ஆண்டு முதல் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் உடைமை. அது நம் கணக்கை மூடிவிட்டால் யாரிடம் முறையிடுவது? இதற்கு ஒரு வழி பிறந்திருக்கின்றது. முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதவேண்டும். அவருடைய விடை மனத்துக்கு ஒவ்வாவிட்டால், 2023ஆம் ஆண்டில் மத்திய அரசு அமைத்த முறையீட்டுக் குழுவிடம் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் இல்லை; தில்லிக்கு வரவேண்டியதும் இல்லை. இக்குழுவை அரசாங்கமே அமைத்தது என்னும் குறை உண்டாயினும், தட்டுவதற்கு ஒரு கதவு கிடைத்திருக்கின்றது.

மற்றொரு கதவும் உண்டு. ஒழுங்குமுறை ஆணையம் விதிகளை வகுக்குமுன் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். நிறுவனங்கள் தம் வழக்கறிஞர்களைக் கொண்டு நூறு பக்கம் எழுதி அனுப்புகின்றன. கைப்பேசிக்குப் பணம் கட்டும் ஒரு தையற்காரரோ, செவிலியரோ, மாணவரோ ஒரு பக்கம் எழுதினாலும் அதையும் ஆணையம் ஏற்றுக்கொள்கின்றது. நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் பட்டிமன்றத்துக்கும் கூடுகின்றன. அத்தகைய வரைவு வெளிவரும்போது ஒரு மாலைப் பொழுதில் கூடி, அதைத் தமிழில் படித்து, வெளிமாநிலத்தில் வாழ்வோரின் குறையை ஒரு மடலாக எழுதி அனுப்புவதற்கு அதிக உழைப்பு வேண்டியதில்லை.

இணையம் யாருக்குச் சொந்தம் என்னும் வினாவுக்கு, ஒருவருக்கும் முழுமையாகச் சொந்தமன்று என்பதே விடை. அவ்விடையைக் கேட்டு, எவருக்கும் சொந்தமில்லாதது எல்லார்க்கும் சொந்தம் என்று நாம் அமைதி கொண்டுவிடலாகாது. எல்லார்க்கும் பொதுவான ஏரி, கேட்பாரின்றிப் போனால் கரையோரத்தவருக்கே உரியதாகிவிடும். அடுத்த முறை இணையம் நிற்கும்போது, ‘எப்போது திரும்பும்?’ என்று மட்டும் கேளாமல், ‘யார் ஆணையிட்டார்? என்ன காரணம் சொன்னார்? அந்த ஆணை எங்கே வெளியாகியிருக்கின்றது?’ என்றும் கேட்போம். இவை மூன்றும் கேட்பதற்கு நமக்கு உரிமையுள்ள கேள்விகள்.